நாலறைக் கோப்பை: ஐந்து மாதப் பாவனையின் பின் ஒரு மதிப்பீடு

சிறு பிள்ளைகளுக்கு எந்த உணவை எவ்வளவு உண்பது என்று பழக்குவதற்கென விற்கப்படும் அறை பிரித்த கோப்பை ஒன்றைத் தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கிளிநொச்சி நகரத்தில், ஏ-9 வீதியோரக் கடையொன்றில் வாங்கினேன். (தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் கோப்பை என்பதைத் தட்டு என்று எடுத்துக்கொள்ளவும்; எங்கள் பக்கத்தில் சோறு போட்டுச் சாப்பிடுவது கோப்பையில்தான்.) விலை 1,650 ரூபாய். பெட்டிக்குள் துருப்பிடிக்காத உருக்கினாலான நான்கு அறைக் கோப்பை ஒன்றும், குட்டைப் பிடியுள்ள இரண்டு கரண்டிகளும், எந்த அறையில் எதை வைப்பது என்று படம் போட்ட மடிப்பு அட்டை ஒன்றும் இருந்தன. செய்தவர்களின் பெயர் பெட்டியிலும் இல்லை, கோப்பையின் அடியிலும் இல்லை. வட்டக்கச்சியில் உள்ள எங்கள் வீட்டில் நான்கு வயது மகளும் ஏழு வயது மகனும் ஐந்து மாதமாக இதை மாறி மாறிப் பாவித்திருக்கிறார்கள். இடையில் மூன்று கிழமை மாமி (என் கணவரின் அம்மா) இதை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருந்ததையும் சேர்த்துத்தான் ஐந்து மாதம் என்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

வாங்கிய அன்றே கோப்பையைத் தண்ணீர் விட்டு அளந்தேன். வட்டத்தின் குறுக்களவு 22 சென்ரிமீற்றர். பெரிய அறை விளிம்பு வரை 240 மில்லிலீற்றர் கொண்டது. மற்ற மூன்றும் முறையே 180, 160, 110. சமைத்த உணவுக்கு 15 மில்லிலீற்றர் மேசைக்கரண்டியை அளவாகக் கொண்டால் பெரிய அறையில் மட்டும் பதினாறு கரண்டிச் சோறு பிடிக்கும். பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மேசைக்கரண்டி, ஒவ்வொரு உணவிலும் முதலில் வைத்தால் போதும், வேண்டுமானால் பிள்ளை மறுபடி கேட்கட்டும் என்பது சிறுபிள்ளைகளுக்கு உணவு பரிமாறுவதில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கைக்கணக்கு. அந்தக் கணக்கில் என் மகளுக்கு நான்கு கரண்டி. கோப்பையோ அதைப்போல நான்கு மடங்குக்கு இடம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அளவு பழக்கவென்று விற்கப்படும் பொருளில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. அறையின் உட்சுவரில் வயதுக்கேற்ற ஒரு கோடு போட்டிருக்கலாம், போடவில்லை. வாங்குகிறவர் அறை என்றால் நிரப்புவதற்கு என்று நினைத்துவிடுவார், நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நிரப்பினேன். இரண்டாம் நாள் மத்தியானம் மகள் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டாள்.

மடிப்பு அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011 ஜூனில் உணவுப் பிரமிட்டைக் கைவிட்டு ஒரு தட்டுப் படத்தை அறிமுகப்படுத்தியது. தட்டின் பாதி மரக்கறியும் பழமும், மறுபாதி தானியமும் புரத உணவும், அருகே ஒரு சிறு வட்டத்தில் பால் என்பது அதன் அமைப்பு. இந்த அட்டை அதையே பார்த்து வரையப்பட்டிருக்கிறது. அந்த அமைப்பில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளைக்கும் புரிகிற எளிய படம் அது. ஆனால் அட்டையில் தானியத்துக்கு மக்கரோனியும், மரக்கறிக்குப் புரோக்கோலியும், பழத்துக்கு ஸ்ட்ரோபெரியும் படமாக நிற்கின்றன. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் வளரும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து, "அம்மா, இது எங்கட சாப்பாடு இல்லைத்தானே?" என்று கேட்டான். அட்டையை மடித்து வைத்துவிட்டு மகனைக் கொண்டே ஒரு பழைய கொப்பித்தாளில் நாட்டரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய், முருங்கையிலை வறை, குளத்து மீன், பாலைப்பழம், விளாம்பழம், தயிர் என்று வரையச் செய்தேன். மீனுக்கு அவன் மீசை போட்டிருந்ததால் அது கெளுத்திதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அறைகளுக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் உள்ள பொருத்தம் அரைகுறைதான். மத்தியானச் சாப்பாட்டோடு பழம் உண்ணும் வழக்கம் எங்களிடம் இல்லை. பப்பாசியோ வாழைப்பழமோ கொய்யாவோ பின்நேரம் நான்கு மணிக்குத்தான் பிள்ளைகளின் கைக்கு வரும். அதனால் பழ அறை மத்தியானத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. பருப்பைச் சோற்றின் மேல் விடுவதா, மீனோடு புரத அறையில் விடுவதா என்பதும் குழப்பம். இடைச்சுவர்கள் இரண்டு சென்ரிமீற்றர் உயரம் மட்டுமே என்பதால் சொதி விட்டால் ஓடிப்போய் எல்லா அறைகளையும் ஒன்றாக்கிவிடும். ஒரு மாதம் பல விதமாக மாற்றி மாற்றிப் பார்த்த பின் ஒரு ஒழுங்கு கைவந்தது. சோற்றைப் பெரிய அறையிலிருந்து எடுத்து 180 மில்லிலீற்றர் அறைக்கு மாற்றினேன். பெரிய அறையில் ஒரு மரக்கறிக் கறியையும் ஒரு கீரையையும் பக்கம் பக்கமாக வைத்தேன். 160 கொள்ளும் பழ அறையில் பருப்பு, சின்ன அறையில் முள் எடுத்த மீன் அல்லது அவித்த முட்டை. சொதி வேறு கிண்ணத்தில். இந்த ஒரு மாற்றத்தினால்தான் கோப்பை எங்களுக்குப் பயன்பட்டது என்று சொல்வேன். வன்னியில் சோற்றுக்குத் துணையாகத்தான் கறி. சோறு மலையாகவும் கறி அதன் ஓரத்தில் அலங்காரமாகவும் இருப்பதே வழமை. நெல் விளைவிக்கிறவர்கள் வேறு எப்படிச் சாப்பிடுவார்கள்? ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம் மரக்கறியும் பழமும், ஆறு முதல் ஒன்பது வயது வரை 350 கிராமும் வேண்டும். சோற்று மலையின் ஓரத்து அலங்காரத்தால் அந்த அளவை எட்டவே முடியாது. பெரிய அறையை மரக்கறிக்குக் கொடுத்து அதில் பாதியை நிரப்பினாலே ஏறத்தாழ 120 கிராம் வந்துவிடுகிறது. பின்நேரம் ஒரு வாழைப்பழமும் இரவில் இடியப்பத்தோடு கொஞ்சம் கீரையும் சேர்ந்தால் சின்னவளின் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

மகன் முன்பு பூசணிக்காய் சோற்றில் பட்டாலே மூக்கைச் சுளிப்பவன். தனி அறையில் தனியாகக் கிடந்த பூசணிக்காயைச் சில கிழமைகள் போனபின் தானாகவே எடுத்துத் தின்றான். இது கோப்பைக்குரிய புகழ், அதைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே சுவர்கள் மகளின் விடயத்தில் எதிராக வேலை செய்தன. குழைத்துச் சாப்பிடும்போது ஒவ்வொரு பிடியிலும் சோற்றோடு கொஞ்சம் கீரையும் கொஞ்சம் பருப்பும் தப்பாமல் வாய்க்குள் போகும்; அறை அறையாக வைத்தபோது அவள் மீனை முடித்து, சோற்றை முடித்து, கீரையைத் தொடாமல் கை கழுவப் போனாள். ஆகவே பிரித்துப் பரிமாறுவது பார்ப்பதற்கு, குழைத்து உண்பது வயிற்றுக்கு என்று இப்போது இரண்டையும் செய்கிறோம்: எல்லாவற்றையும் அறைகளில் வைத்து, என்னென்ன எவ்வளவு இருக்கின்றன என்று பிள்ளை பார்த்த பிறகு, அவளே பெரிய அறையில் சேர்த்துக் குழைக்கிறாள். கோப்பையைச் செய்தவர்கள் இதைக் கண்டால் வருந்துவார்கள்.

பெட்டிக்குள் இருந்தவற்றில் மிகச் சிறந்த பொருள் கோப்பையே அல்ல, அந்த இரண்டு குட்டைக் கரண்டிகள்தாம். ஒவ்வொன்றும் சரியாக ஒரு மேசைக்கரண்டி அளவு கொள்ளும். பிடி குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதால் நான்கு வயதுக் கைக்கு அடங்கும். இவற்றை உண்ணும் கரண்டியாக அட்டை காட்டுகிறது. நாங்களோ கையால் உண்பவர்கள் என்பதால் அவற்றைப் பரிமாறும் கரண்டிகளாக்கி, சட்டியிலிருந்து பிள்ளைகளே தங்களுக்கு எடுத்துப் போட விட்டேன். இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ரோல்ஸ், லியன் பேர்ச் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், கூடுதலாக வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளோ எவ்வளவு வைத்தாலும் தங்கள் பசிக்கு மட்டுமே சாப்பிட்டார்கள். அதே ஆய்வாளர்கள் பங்கெடுத்த 2003ஆம் ஆண்டின் ஆய்வில், முதன்மை உணவை இருமடங்காக வைத்தபோது பாலர்கள் அதில் 25 வீதம் கூடுதலாக உண்டார்கள்; தாங்களே போட்டுக்கொள்ள விட்டபோது, பெரிய அளவு வைக்கப்பட்ட வேளையை விட 25 வீதம் குறைவாக உண்டார்கள். பசியின் அளவைப் பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவருகிறது, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் நாங்கள்தான் அதை மறக்கடிக்கிறோம் என்று இதை நான் விளங்கிக்கொண்டேன். என் மகள் சட்டியில் மூன்று கரண்டி எடுப்பாள், சில நாள் ஐந்து எடுப்பாள், காய்ச்சல் வந்து மாறிய கிழமையில் ஏழு எடுத்தாள். மகன் முதல் நாள் கரண்டி தன் கையில் வந்த மகிழ்ச்சியில் பதினொரு கரண்டி போட்டு, பாதியை மிச்சம் விட்டு, கோழிக்குப் போட்டான். ஒரு கிழமைக்குள் கணக்கு அவனுக்குப் பிடிபட்டது.

இனி மாமியின் கதை. கோப்பை வந்து நாலாம் நாள், அறைகள் அரைவாசி நிரம்பியும் பழ அறை வெறுமையாயும் இருந்த கோப்பையை மகளின் முன்னால் வைத்தபோது, மாமி அடுப்படியில் இருந்து வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதென்ன பிள்ளை, அரைவாசிக் கோப்பை வெறுமையாக் கிடக்குது. குழந்தையள் என்ன முகாமிலையே இருந்து சாப்பிடுதுகள்?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறி மாறி முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பம் அது. ஒரு சுண்டு அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறு பேருக்குச் சிரட்டையில் அளந்து ஊற்றியவர் மாமி. கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. பிறகு செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றார். உணவை அளப்பது அவருக்குத் தெரியாத வித்தை அல்ல, நன்றாகத் தெரிந்து, இனி ஒரு நாளும் செய்யக்கூடாது என்று முடிவெடுத்த வித்தை. அப்படிப்பட்டவரின் வீட்டுக்குள் அளவுக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்த நான் அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அடுத்த நாள் கோப்பையைக் காணவில்லை. மூன்று கிழமை கழித்து மகன் கதிரையில் ஏறி அலுமாரியில் பட்டத்து நூல் தேடியபோதுதான் அகப்பட்டது.

அதன்பின் மாமியோடு வாதாடாமல் வேறு விதமாகத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஞ்சிய சோறு கறிகளை எல்லாம் பெரிய சட்டியில் போட்டுக் குழைத்து, சுற்றி இருக்கும் எல்லோருக்கும் உருண்டை உருட்டிக் கையில் கொடுப்பது அவருடைய உரிமை. கோப்பை தேவைப்படாத சாப்பாடு அது. ஒரு ஞாயிறு அவர் உருட்டும்போது கவனித்தேன்: மகனுக்கு ஒரு அளவு, மகளுக்கு அதில் பாதி, பெரியவர்களுக்கு வேறு. ஏன் சின்னவளுக்குச் சின்ன உருண்டை என்று கேட்டேன். "அவளின்ரை கையைப் பாரன், உள்ளங்கைக்குள்ளை நிக்க வேணுமே" என்றார். பிள்ளையின் கைப்பிடியையும் உள்ளங்கையையும் அதன் சாப்பாட்டுக்கு அளவாகக் கொள்வதை ஊட்டச்சத்துக் கைநூல்கள் இன்று புதிதாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ஒரு பிடி, ஒரு கவளம், ஒரு உருண்டை என்று கையை வைத்தே அளந்து வந்த மொழியில் அது பழைய செய்தி. மாமிக்கு அளவு சொல்லிக்கொடுக்க நான் முனைந்தது பிழையான இடத்தில் என்று அன்று விளங்கியது. பிழை அளவில் அல்ல, எண்ணிக்கையில் இருந்தது. மகள் நாலு உருண்டைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாலும், அப்பம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, கோயில் பிள்ளையாருக்கு ஒன்று என்று இன்னும் மூன்று போகும். இப்போது எங்களுக்குள் ஒரு உடன்பாடு: என்ன சமைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பது மாமியும் நானும் தீர்மானிப்பது; எவ்வளவு என்பதை "போதும்" என்ற சொல்லால் பிள்ளை தீர்மானிப்பது. பிள்ளையார் மட்டும் இன்னும் சில ஞாயிறுகளில் ஒரு உருண்டை வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் கோப்பையை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பிள்ளை பருமனாவதைத் தடுக்கும் கோப்பை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் பிரச்சினை அதற்கு நேர்மாறானது. என் மகளின் இளஞ்சிவப்புக் கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு கடும்பச்சைப் பட்டையை விட்டு இளம்பச்சையில், அதாவது நிறை கொஞ்சம் குறைவான பக்கத்தில், போய்க்கொண்டிருக்கிறது. கோப்பையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேட்டேன். அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறையை நிரப்புவதை விட அறைக்குள் இருப்பதன் சத்தைக் கூட்டுங்கள் என்றார்: அதே நாலு கரண்டிச் சோற்றில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ, பருப்பைத் தண்ணீராக அல்லாமல் கெட்டியாக, வாரத்தில் கூடுதலான நாள் முட்டை, இடைவேளைக்குக் கௌபியோ பயறோ. சின்ன வயிற்றுக்குள் கொஞ்ச இடம்தான் இருக்கிறது, அதைச் சோற்றுக் கஞ்சியாலும் தேத்தண்ணியாலும் நிரப்பிவிட்டால் வேறு எதுவும் போகாது என்றும் சொன்னார். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பது குறைந்துவிடும் என்பதால், மாமி பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்த அரைக் குவளை இப்போது இரண்டு மணித்தியாலம் தள்ளிப் போயிருக்கிறது. பிறந்த நிறை முதல் வருடத்தில் மும்மடங்காகும், இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோதான் கூடும், அதனால் பசியும் குறையும் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். நிறைக் கோடு செம்மஞ்சளிலோ சிவப்பிலோ உள்ள பிள்ளைக்கு, திரிபோஷ (கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா) கொடுக்கச் சொல்லியிருக்கும் பிள்ளைக்கு, இப்படியான கோப்பையை எவரும் கிளினிக்கில் கேளாமல் பாவிக்க வேண்டாம்.

சின்ன அறையை அட்டை கச்சான் (நிலக்கடலை) போன்ற கொட்டைகளுக்கு உரியதாகவும் காட்டுகிறது. கச்சான் விற்கும் முறிகண்டியில் நிறுத்தாமல் போகும் வாகனம் இல்லை, கச்சான் இல்லாத வீடும் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கச்சான் கொடுக்கக்கூடாது, அது மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். இடித்துக் கொடுக்கலாம். அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொருளின் தரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உருக்கு தடிப்பானது, விழுந்தும் நெளியவில்லை, விளிம்பு கையை வெட்டாது. சுடுசோறு போட்டால் அடிப்பக்கம் சுடும் என்பதால் மடியில் வைத்துச் சாப்பிட முடியாது. கீழே ஒரு துணி தேவை. அறைகளின் மூலையில் சோற்றுப் பருக்கை காய்ந்தால் தேங்காய்த்தும்பு போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது. அதே கடையில் படம் போட்ட மெலமைன் கோப்பை பாதி விலைக்கு இருந்தது. கொதிக்கும் கறியை அதில் விடுவது நல்லதல்ல என்பதால் தவிர்த்தேன். மேசையில் ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் கோப்பை இரு மடங்கு விலை, நிலத்தில் பாயில் இருந்து சாப்பிடும் வீட்டுக்கு அந்த ஒட்டு வீண்செலவு.

மகனுக்கு இப்போது கோப்பை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 2024 மார்ச்சிலிருந்து அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட உணவுத் திட்டத்தில் அவனுக்குப் பாடசாலையிலும் ஒரு வேளை கிடைக்கிறது. அங்கே வைப்பது எவ்வளவு என்று வந்து எனக்குக் கணக்குச் சொல்கிறான், அதைப் பார்த்து மத்தியானம் தானே இரண்டு கரண்டி குறைத்துக்கொள்கிறான். மகள் இன்னும் கோப்பையைக் கேட்டு வாங்குகிறாள்.

ஐந்துக்கு மூன்று என்று மதிப்பிடுகிறேன். கரண்டிகளுக்கு இரண்டு, கோப்பைக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்றுமில்லை. மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருந்து, வீட்டில் சோறு கூடிக் கறி குறைந்திருக்குமானால் 1,650 ரூபாய் கொடுக்கலாம். மற்றவர்கள் பதினைந்து மில்லிலீற்றர் கரண்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தாலே போதுமானது. வவுனியாவில் உள்ள என் தங்கை தன் மகனுக்கும் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னாள். நான் கரண்டி இரண்டை மட்டும் அனுப்பியிருக்கிறேன். கோப்பையின் பழ அறையில், பருப்பு வைக்காத மத்தியானங்களில், இப்போது மாமி ஒரு கரண்டி எருமைத் தயிர் வைக்கிறார், அது வெறுமையாகக் கிடப்பதில்லை.